பட்டிப்பூ: சொல் விளக்கம்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் முற்றங்களில் யாரும் நடாமலே முளைத்துப் பூக்கிற செடி பட்டிப்பூ. அதையே புதுப்புது நிறங்களில் பொலித்தீன் பையில் வைத்து விற்கும்போது ‘வின்கா’ என்கிறார்கள்.

வின்கா, இலத்தீன் சொல். கட்டுதல் என்று பொருள்படும் ‘வின்கிரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் தரையோடு படரும் ஒரு நீலப்பூச் செடிக்குரிய பெயர் அது; அதன் கொடியை வளைத்து மாலை கட்டினார்கள். நம்முடையது மடகாஸ்கரில் பிறந்து, நிமிர்ந்து வளர்வது. 1759இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதையும் அதே பேரினத்தில் சேர்த்து ‘வின்கா ரோசியா’ என்றார். 1837இல் ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் ஜோர்ஜ் டொன் ‘கதராந்தஸ் ரோசியஸ்’ என்று மாற்றினார். கிரேக்கத்தில் ‘கதரோஸ்’ தூய்மை, ‘அந்தோஸ்’ பூ.

பழைய பெயர் மருந்திலும் ஒட்டிக்கொண்டது. கனடாவில் ரொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் நீரிழிவுக்கு உதவுமா என்று இந்த இலையை ஆராயப்போய், 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வெளியிட்டார்கள். இதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றப்படுகிறது. அவ்வளவு வீரியமான இலையைச் சீனி வருத்தத்துக்கென்று வீட்டில் அவித்துக் குடிப்பது ஆபத்து.

தமிழகத்தில் இது நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி. சிங்களத்தில் ‘மினீ மல்’, பிணப்பூ. பின்னிரண்டும் மயானங்களில் வளர்வதால் வந்த பெயர்கள். நித்தியகல்யாணி வடசொல்லானாலும் செடியின் குணத்தைச் சரியாகச் சொல்கிறது. பல்லாண்டுச் செடியான இது கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடியிலும் பூக்கும். ஒரு பூவைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள்: ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றும் அடுத்ததன் விளிம்பில் சற்றே ஏறியிருக்கும்; நடுவில் அடர்நிறக் கண்; அதற்குள் ஊசித்துளை போன்ற குழல். மார்கழி மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.

வெளியிலிருந்து வந்த செடி என்பதால் சங்கப் பாட்டில் இதற்குப் பெயர் தேடவேண்டியதில்லை. புதிதாக ஒன்றை உருவாக்கவும் வேண்டாம். நம் வீடுகளில் புழங்கும் பட்டிப்பூவே நல்ல தமிழ். விற்பனைப் பையில் ‘பட்டிப்பூ, இளஞ்சிவப்பு’ என்று எழுதினால் திருகோணமலையில் எவருக்கும் விளங்கும். தமிழக வாசகருக்கு எழுதும்போது நித்தியகல்யாணி என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.