பூஜ்யத்தை நம்பிய பாலம்

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் உள்ள ஈதர் நாணயத்தை, சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினுக்கு மாற்றினால் அது எந்த வழியாகப் போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எந்த வழியாகவும் போவதில்லை. ஒரு பிளாக்செயினுக்கு, பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் தன் கணக்குப் பேரேட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. பிரிட்ஜ் எனப்படும் பாலம், இந்தப் பக்கம் ஈதரை ஒரு நிரலுக்குள் பூட்டிவிட்டு, அந்தப் பக்கம் அதே மதிப்புக்கு ஒரு பதிலி டோக்கனை (டிஜிட்டல் வில்லையை) உருவாக்கித் தருகிறது. நகை அடகுக்கடைப் பெட்டகத்தில், சீட்டு நம் கையில். பதிலியை அழித்தால் மூலம் விடுபடும். வேறு முறைகளும் உண்டு. பெரும்பணம் புழங்கியது இதில்தான்.

அந்தப் பக்கம் பதிலி அழிக்கப்பட்டது என்று இந்தப் பக்கம் யார் சொல்லி நம்புவது? ரோனின் என்ற பாலத்தில் அதைச் சரிபார்க்கும் 9 பேரில் 5 பேர் தங்கள் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்தது. 2022 மார்ச்சில் அந்த 5 சாவிகளும் திருடர்களிடம் சிக்கின. 1,73,600 ஈதர் பறிபோயிற்று. ஆறு நாள் கழித்துத்தான் உரியவர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் சாவித் திருட்டில் வியக்க என்ன இருக்கிறது?

நோமாட் என்ற இன்னொரு பாலத்தில் நடந்ததோ வேறு ரகம். அங்கே 'இவருக்கு இவ்வளவு கொடு' என்பதுபோன்ற செய்திகளையெல்லாம் ஒரு மெர்கிள் மரமாக, அதாவது ஹாஷ் என்ற சுருக்கக் கணக்கால் படிப்படியாக இணைத்த அடுக்காகக் கோத்து, அதன் உச்சியிலுள்ள ஒற்றை எண்ணை மறுபக்கம் கொண்டுவருவார்கள். அதற்கு 'வேர்' என்று பெயர். ஒரு செய்தி மெய்ப்பிக்கப்பட்டதும், எந்த வேரின்கீழ் அது மெய்யானது என்று நிரல் குறித்துக்கொள்ளும். பணம் தரும்போது கேட்பது ஒரே கேள்வி: இந்தச் செய்திக்கு எதிரே உள்ள வேர், ஏற்கப்பட்ட வேர்தானா?

சரி, மெய்ப்பிக்கப்படாத செய்திக்கு எதிரே என்ன இருக்கும்? எத்தீரிய நிரல்களில், எதுவும் எழுதப்படாத இடத்தைப் படித்தால் பிழை வராது, பூஜ்யம் வரும். 2022 ஜூனில் நிரலைப் புதுப்பித்தபோது, ஏற்கப்பட்ட வேரின் தொடக்க மதிப்பையும் பூஜ்யம் என்றே வைத்தார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சாதாரண வழக்கங்கள். சேர்ந்தபோது, சான்றே இல்லாத எந்தச் செய்தியும் சான்று பெற்றதாகிவிட்டது! ஹாஷ் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். பிறகு நூற்றுக்கணக்கானோர் அவருடைய பரிவர்த்தனையை அப்படியே நகலெடுத்து, பெறுநர் முகவரியில் மட்டும் தங்கள் முகவரியைப் போட்டு அனுப்பினார்கள். சில மணி நேரத்தில் ஏறக்குறைய 19 கோடி டாலர் காலி. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளியார் நிரலைத் தணிக்கை செய்தாயிற்று என்ற முத்திரையை இத்துறையில் பலர் தாயத்துபோலக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு செயினின் பிளாக் தலைப்புகளை (பேரேட்டின் ஒவ்வொரு தொகுதிக்கும் உள்ள சுருக்கக் குறிப்புகளை) இன்னொரு செயினே நேராகச் சரிபார்ப்பதுதான் உருப்படியான வழி. காஸ்மாஸ் என்ற பிளாக்செயின் குடும்பத்துச் செயின்கள் 2021 முதல் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன. எத்தீரியத்துக்குள் அந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் எகிறும். அதைக் குறைக்கத்தான், முழுக் கணக்கையும் திரும்பச் செய்யாமலே அது சரி என்று காட்டும் பூஜ்ய-அறிவுச் சான்று பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் அங்கே போகலாம்.