பாவ பயத்தில் வைத்தியசாலைக்கு வரப் பிந்தாதீர்கள்

"டொக்டர், நான் இனிக் கோயிலுக்குப் போகலாமா?"

வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு பெண் இப்படிக் கேட்டபோது அவருக்குக் காய்ச்சல் 103. கருவைக் கலைக்க யாரோ இரகசியமாக வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் போட்டு, நாலு நாளாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. கையில் அம்மன் கோயில் குங்குமப் பொட்டலம். வியர்வையில் காகிதம் ஊறி விரலெல்லாம் சிவந்திருந்தது.

ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்று கேட்டேன். பொலிஸுக்குப் பயம். அதைவிட, "செய்த பாவத்தை அனுபவிக்கத்தானே வேணும்" என்றார். கருப்பையில் கிருமி தொற்றியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நமது சமயம் கருக்கலைப்பை இலேசாக எடுப்பதில்லை. தர்ம சாத்திரங்கள் அதைப் பெரும்பாவம் என்றே சொல்கின்றன. ஆனால் ஆன்மா எப்போது வந்து சேர்கிறது என்பதில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. கரு உண்டாகும்போதே என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதை. ஏழாம் மாதம் என்கிறது கர்ப்ப உபநிடதம்.

எனக்கு நெருக்கமானது மாணிக்கவாசகர் சொல்வதுதான். போற்றித் திருவகவலில் கரு மாதம் மாதமாக ஆபத்துகளைத் தாண்டி வருகிறது. பத்தாம் மாதத்தில் "தாயொடு தான்படும் துக்க சாகரம்" என்கிறார். தாயும் பிள்ளையும் ஒரே கடலில் தத்தளிக்கிறார்கள். அதில் தாயை மட்டும் கைவிடு என்று எந்த அடியார் சொல்வார்?

புறநானூற்று 34ஆம் பாட்டு இன்னும் வெளிப்படையானது. கருவைச் சிதைத்தவர்களுக்கும் கழுவாய், அதாவது பரிகாரம், உண்டு, நன்றி கொன்றவர்களுக்குத்தான் உய்வில்லை என்கிறது அது. அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம், அதற்கு முதல் உயிரோடு இருக்க வேண்டும் என்றேன். அழுதார். அப்புறம் அம்புலன்ஸில் ஏறினார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இலங்கையில் கருக்கலைப்புக்கு இடமுண்டு. மற்றபடி மூன்று ஆண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு ஆண்டு வரை. வல்லுறவுக்குக்கூட விலக்கில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். ஆனால் கரு கலைந்த பிறகு வரும் சிக்கலுக்கு வைத்தியம் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

காய்ச்சல், நடுக்கம், கெட்ட வாடையோடு கசிவு, தாங்க முடியாத வயிற்றுவலி, மணிக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் நனைவது, தலைசுற்றி விழுவது: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மாமியாரிடம் சொல்லத் தயக்கமென்றால் சொல்லாமலே வாருங்கள். மாத்திரை அட்டை இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.