எந்த ஊடகத்தில் வளர்த்தீர்கள்?

புதிய பூஞ்சைக்கொல்லிப் பொருள் ஒன்றைச் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று மாணவர்கள் வந்தால், பூஞ்சையை எந்த ஊடகத்தில், அதாவது எந்தச் சத்துக் கலவையில், வளர்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். புரதங்களின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் 20-ஐயும் அது தானே தயாரிக்க வல்லது. வெளியே கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஏதோ ஒன்று, ஹிஸ்டிடின் என்று வையுங்கள், தீர்ந்துபோனால் அதைப் புரதம் கட்டும் இடத்துக்குச் சுமக்க வேண்டிய டிஆர்என்ஏ மூலக்கூறுகள் வெறுங்கையோடு நிற்கும். ஜிசிஎன்2 என்ற நொதி இதை மோப்பம் பிடித்து, செல்லின் மொத்தப் புரத உற்பத்தியையும் மட்டுப்படுத்தும். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில், அமினோ அமிலத் தயாரிப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் ஜிசிஎன்4 புரதம் மட்டும் கூடும். அதன் செய்முறையைச் சுமக்கும் ஆர்என்ஏவின் முகப்பில் நான்கு குட்டிப் பொறிகள், அதாவது போலித் தொடக்க இடங்கள், உண்டு. சாதாரண நாளில், புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அவற்றில் சிக்கி உதிர்ந்துவிடும். பஞ்ச காலத்தில், முதல் பொறிக்குப் பின் மீண்டும் தொடங்கத் தாமதமாவதால், பின்பொறிகளைத் தாண்டி அசல் இடத்துக்குப் போய்ச் சேரும். அப்புறம் ஹிஸ்டிடினுக்கான நொதிகள் மட்டுமல்ல, அர்ஜினின், லைசின், லூசின் என்று பல பாதைகளின் மரபணுக்களும் முடுக்கிவிடப்படும். நியூரோஸ்போரா, அஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப்பூஞ்சைகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

இதை ஒரு தட்டிலேயே பார்க்கலாம். ஹிஸ்டிடின் இல்லாத ஊடகத்தில் 3-அமினோட்ரையசோல் சேருங்கள். ஹிஸ்டிடின் தயாரிக்கும் நொதி ஒன்றை அது முடக்கும். இயல்பான ஈஸ்ட் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்து, மெதுவாகவேனும் வளரும். ஜிசிஎன்4 நீக்கப்பட்டது படுத்துவிடும். ஹிஸ்டிடினைத் தூவிப் பாருங்கள், இரண்டும் எழுந்துவிடும்.

சரி, மருந்துச் சோதனைக்கு வருவோம். வழக்கமாகப் பயன்படும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் ஏறக்குறைய எல்லா அமினோ அமிலங்களும் இருக்கின்றன. அமினோ அமிலத் தயாரிப்பைத் தடுக்கும் பொருள் அதில் தோற்பதில் வியப்பில்லை. அதற்காக, அமினோ அமிலங்கள் இல்லாத வெறும் ஊடகத்தில் ஜெயித்ததைக் கொண்டாடுவதும் அவசரம்தான். உடலுக்குள் முடிவு இடத்துக்கு இடம் மாறலாம். லைசின் தயாரிக்க முடியாத அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், எலிகளின் நுரையீரலில் திணறியது. ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தியபோது அந்தத் திணறல் இல்லை. ஆகவே இரண்டு ஊடகத்திலும் சோதித்து, எதில் என்ன நடந்தது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறேன்.