பாதீடு: ‘என்வலப் பட்ஜெட்’ என்பதற்குத் தமிழில் என்ன?

கைக்கு வந்த பணத்தை, செலவு தொடங்கும் முன்பே தனித்தனிக் கவர்களில் பிரித்துப் போட்டுவிடுவதற்கு என்வலப் பட்ஜெட் என்று பெயர். வாடகைக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று, மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்வர ஒன்று. மளிகைக் கவர் 20ஆம் தேதியே காலியானால் வேறொரு கவரைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எந்தச் செலவைக் குறைத்து எந்தச் செலவைச் செய்கிறோம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முறையின் பலன் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பெயரில் உள்ள இரண்டு சொற்களும் பிரெஞ்சு வழியாக வந்தவை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் முற்காலத்தில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) என்ற இன மக்கள் தோல்பையை ‘புல்கா’ என்றார்கள். லத்தீன் அதை எடுத்துக்கொண்டது. பழைய பிரெஞ்சில் சிறிய தோல்பை ‘பூஜெத்’ ஆனது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோதும் அதற்குப் பை என்றே பொருள். அரசாங்கக் கணக்கு அதற்குள் புகுந்தது 1733இல். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் வால்போல் கொண்டுவந்த வரித் திட்டத்தைக் கிண்டல் செய்து ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு துண்டு நூல் வெளிவந்தது. சந்தையில் மருந்து விற்கும் போலி வைத்தியன் பையைத் திறந்து கடை விரிப்பதாக வால்போலை அது காட்டியது. கிண்டல் மறந்துபோய்ச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதே நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பையைப் புதுப் பொருளோடு ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இன்றும் ‘புட்ஜே’ என்பது அந்தத் திரும்பி வந்த சொல்லைத்தான். என்வலப்புக்குப் பெரிய கதை இல்லை: பொதிவது, சுற்றுவது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, அவ்வளவே.

சரி, தமிழில்? பட்ஜெட் என்றதும் ‘நிதிநிலை அறிக்கை’ என்று எழுதிவிடுகிறோம். அரசுக்கு அது பொருத்தம். இந்திய அரசியலமைப்பின் 112ஆம் பிரிவிலேயே பட்ஜெட் என்ற சொல் கிடையாது. ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் யாருக்கும் அறிக்கை வைப்பதில்லை. ‘வரவு செலவுத் திட்டம்’ கொஞ்சம் பரவாயில்லை. அதிலும் ஒரு சிக்கல்: வரப்போகிற பணத்தையும் சேர்த்துக்கொண்டு போடுவது திட்டம். கவர் முறையில் அதற்கு இடமில்லை. வராத பணத்தைக் கவரில் எப்படிப் போடுவது?

என் ஓட்டு ‘பாதீடு’ என்ற சொல்லுக்கு. இலங்கைத் தமிழ் ஏடுகள் பட்ஜெட்டுக்கு இதை ஏற்கெனவே பயன்படுத்துகின்றன, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. பகுத்தல் என்ற பொருள்தரும் ‘பாது’, அதோடு ‘ஈடு’. பாத்தூண் என்பதில் உள்ள பாத்தும் இதற்கு உறவுதான். தொல்காப்பியத்தில், பகைவரின் மாடுகளைக் கவர்வதைப் பற்றிய வெட்சித்திணையின் துறைகளை, அதாவது உட்பிரிவுகளை, சொல்லும் இடத்தில் ‘தந்துநிறை பாதீடு உண்டாட்டுக் கொடை’ என்று வருகிறது. கவர்ந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, ஓட்டிவந்து ஊரில் நிறுத்துவது தந்துநிறை. அதைத் தமக்குள் பங்கிடுவது பாதீடு. அதன் பிறகுதான் கள்ளும் கறியுமாக உண்டாட்டு. வரிசையைக் கவனியுங்கள்: மாடு வந்து நின்றால்தான் பங்கு, பங்கு போட்ட பிறகே விருந்து. என்வலப் பட்ஜெட்டின் விதியும் இதுவே. (மாடு வரும் முன்பே கடன் அட்டையில் உண்டாட்டு நடத்துகிறவர்களுக்கு அங்கே துறை எதுவும் இல்லை.)

கவருக்கு ‘உறை’ என்பது சரியான சொல்தான். பாலுக்கு ஊற்றும் உறையோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது ‘முடிப்பு’. வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைக்கும் வழக்கம் எங்கள் புதுச்சேரிப் பக்கம் பல வீடுகளில் உண்டு. திருப்பதி போக முடியாதவர்கள் கடலூர் திருவந்திபுரத்தில் அதைச் செலுத்துவார்கள். பால்காரருக்குச் சில்லறை இல்லையென்றாலும் அந்த முடிச்சில் கை வைக்க மாட்டார்கள். ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாத பணம்: என்வலப் என்றால் இதுதானே? செய்வது பாதீடு, அதில் ஒவ்வொரு பங்கும் முடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்லைப் பிடித்துக்கொண்டால் மென்பொருள் தேர்வும் தெளிவாகும். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள்களில் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன. ஃபயர்ஃபிளை 3 இரட்டைப் பதிவு முறையில், அதாவது ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது என்று இரு பக்கமும் பதிந்து, கணக்கு எழுதுவது. பற்று வரவு துல்லியமாக இருக்கும், பல நாணயங்களையும் கையாளும். ஆனால் அதில் பட்ஜெட் என்பது செலவுக்கு வைக்கும் உச்சவரம்பு. கையில் இருக்கும் பணத்தைப் பங்கிடச் சொல்லி அது வற்புறுத்தாது. ஆக்சுவல் பட்ஜெட் அப்படியல்ல. முதலில் கட்டணத்துக்குக் கிடைத்து, 2022இல் கட்டற்றதாக ஆன மென்பொருள் அது. மாதப் பக்கத்தின் மேலே இன்னும் பாதிடாத தொகை நிற்கும். அதைப் பூஜ்யம் ஆக்குவதே உங்கள் வேலை. ஒரு முடிப்பில் மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகும். மிகையாகச் செலவழித்திருந்தால், நீங்கள் வேறு மாதிரி அமைக்காதவரை, அடுத்த மாதம் பாதிட வேண்டிய தொகையில் கழியும். கவர் முறைக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். லட்சத்தை 1,00,000 என்று நம் முறையில் காட்டும் அமைப்பும் இருக்கிறது. வங்கியோடு தானாக இணையும் வசதி முக்கியமாக ஐரோப்பா, வட அமெரிக்க வங்கிகளை வைத்துச் செய்தது. நாம் ஸ்டேட்மென்ட் கோப்பை இறக்கி உள்ளே ஏற்ற வேண்டும்.

இப்படிச் சொந்த சர்வரில் நிறுவுவதை ஆங்கிலத்தில் சொல்லும் ‘செல்ஃப் ஹோஸ்டட்’ என்பதற்குச் ‘சொந்த வழங்கி’ போதும். சர்வருக்கு வழங்கி என்று ஏற்கெனவே வழக்கம் இருக்கிறது. வீட்டு மூலையில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, அதில் மென்பொருள்களைப் பொட்டலமாக நிறுவி ஓட்டும் டாக்கர், இவ்வளவு இருந்தால் ஆக்சுவல் ஓடும். மற்ற கருவிகளிலிருந்து திறக்க எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பை அமைக்க வேண்டும். புதிதாக நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் திணறும் இடம் அது. இந்தக் கடற்கரையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் மாதிரிப் புயல் வந்தால் கரண்ட் போகும், வழங்கியும் போகும். ஆக்சுவல் கணக்கின் ஒரு பிரதியை உங்கள் கருவியிலேயே வைத்திருப்பதால், சார்ஜ் இருக்கும்வரை போனில் எழுதலாம். இணைப்பு வந்ததும் இரண்டும் ஒத்துப்போகும். அப்புறம், காப்புப் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா (சிப்பாய்) குடும்பங்களுக்கு யூரோ மதிப்பு மாதத்துக்கு மாதம் மாறும். அதற்காகப் பல நாணய வசதியைத் தேடி ஃபயர்ஃபிளைக்குப் போக வேண்டியதில்லை. இங்குள்ள வங்கிக் கணக்கில் ரூபாயாக வந்து விழுந்த பிறகு, விழுந்த தொகையை மட்டும் ஆக்சுவலில் வரவு வைத்துப் பாதிட்டுக்கொள்ளலாம்.