சி படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்து

"வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம செய்ய மாட்டோம்னு ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் திருப்பி அனுப்பிட்டாங்க டாக்டரம்மா. அவர் சவூதியில இருக்கார். போன்ல சரின்னுதான் சொன்னார். பேப்பர்ல எப்படிப் போடுவார்?"

கருக்கலைப்புக்காகக் கைக்குழந்தையோடு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது குழந்தை, பதினொரு மாதம். காதுகுத்துக்கு லீவில் வந்த கணவர் திரும்பிப் போய்விட்டார். பால் கொடுக்கிறோம், மாதவிலக்கும் வரவில்லை, அதனால் உண்டாகாது என்று நம்பியிருக்கிறார். அந்தப் பாதுகாப்பு, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்குத்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பரிசோதனையில் தெரிந்தபோது ஆறு வாரம். என்னிடம் வந்தபோது பத்து வாரம். ஆறு வாரத்தில் மாத்திரையே போதுமாக இருந்திருக்கும். மாத்திரைக்கு விதிப்படி ஒன்பது வாரம் வரைதான் அனுமதி. அதனால் இப்போது மயக்கம் கொடுத்து வேக்குவம் முறையில் (கருவை உறிஞ்சி எடுப்பது) செய்ய வேண்டியதாயிற்று. இல்லாத ஒரு விதியால் அவர் உடம்பு பட்ட கூடுதல் சிரமம் இது.

ஆமாம், அப்படி ஒரு விதியே கிடையாது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் முதல் நாளிலிருந்தே கேட்பது அந்தப் பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர் அல்லது மனநலப் பாதிப்பு உள்ளவர் என்றால்தான் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். சம்மதத்துக்கான சி படிவத்தில் கணவருக்கென்று ஓர் இடமே இல்லை. ஆனாலும் பல ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே ஒரு தாள் அடித்து வைத்திருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் நானும் அந்தத் தாளை நீட்டியிருக்கிறேன். சீனியர்கள் கேட்டார்கள், நானும் கேட்டேன். பின்னால் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, அப்படித் திருப்பி அனுப்பிய முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்கள் எங்கே போனார்களோ என்ற கவலை இன்றும் உண்டு.

எங்கே போவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சிலர் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிவிடுவார்கள். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிய நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாத்திரை எடுத்தபின் மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, தலைசுற்றினாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயந்து வீட்டில் இருக்காதீர்கள். உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது எங்கள் கடமை. மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

நம் சட்டத்தில் கேட்டவுடன் செய்துவிடலாம் என்றும் இல்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், உடல்நலம், மனநலம், கருத்தடை தோற்றது போன்ற காரணங்களில் ஒன்று இருப்பதாகக் கருத வேண்டும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு. 2021 திருத்தம், கருத்தடை தோற்ற நிலையைச் சொல்லும் இடத்தில் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'துணைவர்' என்று போட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்றது. குடும்பத்தார் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. தாலியைப் பார்த்துவிட்டுப் பேசும் பழக்கத்தை நாங்கள் விட வேண்டும்.

இதே சம்மதத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாமியாரோ கணவரோ பேசிக்கொண்டே இருக்க, அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது நான் மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். தனியாகக் கேட்டால், "எனக்கு இந்தக் குழந்தை வேணும் மேடம்" என்று அழுதவர்கள் உண்டு. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

'கலைக்கணும்னா கூடவே குடும்பக்கட்டுப்பாடும் பண்ணிக்கணும்' என்று பேரம் பேசுவதும், பிரசவ வலியில் இருப்பவரிடம் சரியாகச் சொல்லாமலே, கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டியை வைத்துவிடுவதும் தவறுதான். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் கருத்தடை முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கணக்குக்காகப் பெண்ணின் உடம்பைப் பார்த்தால் இப்படித்தான் முடியும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கான ஆபரேஷனில் வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். இருந்தும் இந்த நிலை.

அந்தப் பெண்ணிடம் சி படிவத்தைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நான் மட்டும் போட்டா போதுமா?" என்று இரண்டு முறை கேட்டார். போதும்மா என்றேன். அடுத்துக் கருத்தடைக்கு என்ன செய்யலாம் என்று விளக்கினேன். அன்றைக்கே காப்பர் டி வைத்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார், சரி என்றேன். அதுவரை ஆணுறையோ மாத்திரையோ வேண்டுமா என்று கேட்டதற்கு, அவர்தான் ஊரிலேயே இல்லையே என்று சிரித்தார்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தையோடு வந்தார். காப்பர் டி வேண்டாமாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி போதுமாம். கணவர் அடுத்த லீவில் வருவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று நாள்கூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.