வீட்டை அளக்கும் முன் ஆளை அளக்க வேண்டும்

இன்டீரியர் வேலை பேச வருகிறவர்கள் போனில் நிறையப் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். வெள்ளைச் சமையலறை, தொங்கும் விளக்கு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. படங்களைப் பொறுமையாகப் பார்ப்பேன், அதில் அவர்களுடைய ஆசை தெரியும். ஆனால் என் நோட்டில் முதலில் எழுதிக்கொள்வது வேறு. அடுப்படியில் அதிக நேரம் நிற்பது யார், அவர் உயரம் என்ன, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர் யார், யாருக்கு முட்டி வலி, மே மாத மதியத்தில் எல்லோரும் எந்த அறையில் போய்ப் படுக்கிறார்கள். "அதெல்லாம் எதுக்கு மேடம், கலர் சொல்லுங்க" என்பவர்களும் உண்டு. கலரை நான் கடைசியில்தான் எடுப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வேலூரில் வந்தது. இன்டீரியர் டிசைனில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த எனக்கு முதலில் கிடைத்த பெரிய வேலை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் அறைகளை மாற்றி அமைப்பது. காந்தி ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளில் பாதி வங்காளத்தில் இருக்கும். சிஎம்சி எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், அறையிலேயே சமைப்பார்கள். ஆபரேஷன் ஆனவர் கட்டிலில் இருப்பார், கூட வந்தவர் தரையில் படுப்பார். அந்தப் பத்துக்குப் பத்து அறையில் எதை எங்கே வைப்பது என்பதைக் கல்லூரிப் பாடத்தைவிட அங்கே தங்கியிருந்த பெண்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் வயிற்றில் தையல் போட்டவரால் எழ முடியாது. சுவிட்ச் தலைமாட்டில் இல்லையென்றால் துணைக்கு வந்தவர் தூங்கவே முடியாது. மருந்தையும் ஸ்கேன் கவரையும் ஈரம் படாமல் வைக்க ஒரு தட்டு வேண்டும். ஸ்டவ் ஜன்னல் ஓரத்தில் இருக்க வேண்டும்.

யாரைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ஒரு டாக்டருடையது. சிஎம்சியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் உருவானதற்கு அவரே காரணம். ஒரு மேஜையின் உயரம், ஒரு கதவின் அகலம், ஒரு சரிவுப் பாதை, இவை ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. இந்த ஊரில் இன்டீரியர் செய்கிற ஒவ்வொருவரும் அவரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் பாத்ரூம் கதவு இன்னும் இரண்டரை அடிதான். சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சும் வழியில் சக்கர நாற்காலி நுழையாது, நுழைந்தாலும் கை உரசும். தடையில்லாச் சூழலுக்கான வழிகாட்டுதல்கள் 900 மி.மீ. திறப்பு கேட்கின்றன. நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம் வேண்டும். சின்ன வீட்டில் அந்த வட்டம் கிடைக்காமல் போகலாம். ஆனால் கதவை அகலமாக்குவதும், அதை வெளிப்பக்கம் திறக்க வைப்பதும் எந்த வீட்டிலும் முடியும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால், அவருடைய உடம்பே கதவைத் திறக்கவிடாமல் தடுத்துக்கொள்ளும். வயதான அப்பா அம்மா இருக்கும் வீடுகளில் இதை நான் கேட்டு வாங்கியாவது செய்துவிடுவேன். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் வைக்கும் கைப்பிடி இப்போது வேண்டாம் என்றால் சரி, டைல்ஸ் ஒட்டும் முன்பே எந்த இடத்தில் பின்னால் கெட்டியான சுவர் வேண்டும் என்று மேஸ்திரியிடம் குறித்துக் கொடுத்துவிடுவேன். கட்டும்போது செய்தால் இதற்கு ஆகும் செலவு அற்பம்.

சமையல் மேடைக்கும் இதே கணக்குதான். கடையில் வரும் அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு 34 அங்குலம் வைத்துவிடுகிறார்கள். நேராக நின்று முழங்கையை மடக்கிப் பிடியுங்கள். அந்த உயரத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் குறைத்தால், காய் நறுக்க உங்களுக்குச் சரியான மேடை. ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு 34 அங்குல மேடையில் தோள் தூக்கியே இருக்கும், மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அடுப்பு வைக்கும் பகுதியை இன்னும் கொஞ்சம் இறக்கினால் குக்கருக்குள் எட்டிப் பார்க்க வசதி. ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளுக்கு வேலை செய்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பண்டிகைக்கு டேக்சாவில், அதாவது பெரிய அண்டாவில், பிரியாணி வைப்பீர்களா? வைப்பார்கள். அந்த டேக்சாவை எந்த மாடுலர் கிச்சனிலும் ஏற்ற முடியாது. பின்கட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் மேடை, தண்ணீர் போக வழி, மேலே புகை போக இடம். இவ்வளவு செய்து கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்கள் வருஷம் முழுக்க வாழ்த்துவார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூர் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். சத்துவாச்சாரி மாதிரி மலையை ஒட்டிய பகுதிகளில் பாறை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் விடும். இப்படிப்பட்ட ஊரில், ஏசி இல்லாத ஹாலுக்கும் ஃபால்ஸ் சீலிங், அதாவது கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை, வேண்டும் என்று கேட்கிறார்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது இதைக் கவனியுங்கள்: ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, சின்ன வென்டிலேட்டர் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. ஜிப்சம் பலகையை எட்டு அங்குலம் இறக்கி அடித்ததும் முதலில் மூடிப்போவது அந்த வழி. கொசப்பேட்டையில் ஒரு வீட்டில் என்னோடு வேலை செய்த ஆசாரி அண்ணன், வரைபடம் எதையும் பார்க்காமல் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல கீற ஜன்னல மூடிட்டா சூடு எங்கம்மா போவும்?" அந்த வீட்டில் சீலிங் சுற்றி ஓரமாக மட்டும் வந்தது, வென்டிலேட்டர் இருக்கும் பக்கம் திறந்தே விட்டோம். ஏசி அறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் குளிர வேண்டிய காற்றின் அளவு குறையும், அங்கே அது நியாயம். மற்ற இடங்களில் அந்தக் காசை மொட்டைமாடிக்குச் செலவு பண்ணுங்கள். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட முடியாவிட்டால் கோடை தொடங்கும் முன் சுண்ணாம்பாவது அடியுங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் அலமாரியை வைத்தால், சாயங்கால வெயிலை முதலில் வாங்கிக்கொள்வது துணிகள்தான், நீங்கள் இல்லை.

என் பாணி என்ன என்று கேட்டால், இந்த மண்ணில் கிடைப்பதை வைத்துச் செய்வதுதான். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கட்டியவற்றைப் போய்ப் பார்த்தபோது, செங்கல்லில் துளை விட்டு அடுக்கிய சுவர் வழியாகக் காற்றும் வெளிச்சமும் எப்படி வடிகட்டி வருகின்றன என்று கண்ணால் கண்டேன். காட்பாடிப் பக்கம் மேற்குப் பார்த்த பால்கனிகளுக்கு அதைத்தான் செய்கிறேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் வெயில் நேரத்தில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். யாளித் தூண்களின் வேலைப்பாட்டுக்கு முன்பே அந்தக் கல்லின் குளிர்ச்சி உடம்புக்குத் தெரியும். நம் பாட்டி வீட்டுக் கடப்பா கல் அலமாரியைப் பழசு என்று உடைக்கச் சொல்கிறவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டால் உப்பாது. முன்னால் ஒரு மரக் கதவு போட்டால் புதுசாகிவிடும். குடியாத்தம் கைத்தறிக் கட்டங்களைத் திரைச்சீலையாகத் தைக்கலாம், சாயம் போகாத நூலாகக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்துக் கரிகிரி ஊரில் செய்கிற களிமண் ஜாடி ஒன்று வாசலில் இருந்தால், வெளியூரிலிருந்து வாங்கிய பத்து அலங்காரப் பொருள் தேவையில்லை. நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பையும் கறுப்புக் குழாயையும் நான் பரிந்துரைப்பதில்லை. சில மாதத்தில் வெள்ளை படிந்துவிடும், ஆசிட் போட்டுத் தேய்த்தால் பூச்சு போகும்.

இனி காசு விஷயம். அலமாரிக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால், எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். முன்பக்க அகலத்தை உயரத்தால் பெருக்குவது ஒரு முறை. உள்தட்டு, பக்கப் பலகை எல்லாவற்றையும் விரித்து அளப்பது இன்னொன்று. ஒரே அலமாரிக்கு இரண்டு கணக்கும் வெகுதூரம் தள்ளி நிற்கும். குறைந்த ரேட் சொன்னவரிடம் முடிவில் அதிகம் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மேலே வரும் பரண் (லாஃப்ட்) சேர்த்தா, பின்பலகை எத்தனை மி.மீ., உள்பக்கமும் லேமினேட் உண்டா என்பதை எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டிய பலகை நாளடைவில் வளையும்.

பிளைவுட்டில் 'வாட்டர் புரூஃப்' என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு அச்சான எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட், அதில் ஈரம் தாங்கும் தரம் குறைந்ததும் உண்டு. ஐ.எஸ். 710 என்பது மெரைன் ரகம், அது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. சிங்க் அடியிலும் பாத்ரூம் ஓரத்திலும் இதுதான் வேண்டும், படுக்கையறை அலமாரிக்கு அவசியமில்லை. அறுத்த துண்டு ஒன்றை வாங்கி வீட்டில் பாத்திரத்தில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க விடுங்கள். மோசமான பலகை அதற்குள் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். ஒரு வீட்டில் மெரைனுக்குப் பணம் வாங்கிவிட்டு சிங்க் அடியில் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு வைத்திருந்தார்கள். நான் பார்க்கும்போது பலகை ஊறி உப்பி, ஸ்க்ரூ கையோடு வந்தது.

சிலிண்டரைக் கதவு போட்டு மறைக்கும் வழக்கம் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அந்த அலமாரியின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, காற்று வெளியே போகும் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். மேலே மட்டும் ஜாலி போட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் வீட்டில் இன்றே குனிந்து பாருங்கள்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்ன படிப்பது என்று கேட்கிறார்கள். 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர்ப்பலகை வைக்க 1972-ம் வருடச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு ஐந்து வருட பி.ஆர்க். படிக்க வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிச் சட்டப் பதிவு எதுவும் இல்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்கிறார்கள். வேலை கொடுக்கிறவர்கள் கார்டைப் பார்க்காமல், அவர் முடித்த வீடு ஒன்றுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் ஓடிய கதவையும் டிராயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். படிக்கிறவர்கள் டிகிரியோ டிப்ளமோவோ, முடித்ததும் ஒரு வருடமாவது ஆசாரியோடும் டைல்ஸ் மேஸ்திரியோடும் சைட்டில் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த மூலை நிஜத்தில் 90 டிகிரியில் இருப்பதில்லை என்பது அங்கேதான் தெரியும்.

வேலை முடிந்து சாவி வாங்கும் நாளில் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், சுவருக்குள் ஒயரும் தண்ணீர்ப் பைப்பும் எந்த வழியாகப் போகின்றன என்று காட்டும் படங்களைக் கேட்டு வாங்குங்கள். நான் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். சுவரில் ஆணி அடிக்க டிரில் எடுக்கும்போது அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்தால் போதும்.