டிரையாஸ் பின்பனி: பூவின் பெயர் தாங்கிய குளிர்

தொல்காலநிலை பற்றிய கட்டுரைகளில் 'இளைய டிரையாஸ்' என்ற தொடர் அடிக்கடி தட்டுப்படுகிறது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு குளிர்க்காலத்தின் பெயர் அது. பனியுகம் விடைபெற்று, ஐரோப்பாவில் காடுகள் தலையெடுத்த வேளையில் குளிர் திடீரென்று திரும்பி வந்து 1,200 ஆண்டுகள் தங்கிவிட்டது. டிரையாஸ் யார், அவருக்கு மூத்தவர் எவர் என்று படிப்பவர் குழம்பினால் குற்றம் அவருடையதல்ல.

டிரையாஸ் ஒரு செடி. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடதுருவப் பகுதிகளிலும் ஆல்ப்ஸ் போன்ற உயர்மலைகளிலும் தரையோடு தரையாகப் படரும். அக்குடும்பத்துக் காட்டுச் செடிகளின் பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ்கள், இதற்கு எட்டு. வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள். சூரியன் நகர நகரப் பூவும் முகம் திருப்பும். ஐஸ்லாந்துக்கு இதுதான் தேசிய மலர்.

பெயர் வந்தது பூவால் அல்ல, இலையால். சிறிய, தோல்போல் தடித்த இலை. ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும், அடிப்புறத்தில் வெண்மயிர் படர்ந்திருக்கும். பார்த்தால் ஓக் மரத்து இலையைச் சிறிதாக்கியதுபோல் தோன்றும். கிரேக்க மொழியில் 'டிரூஸ்' என்றால் ஓக் மரம். அம்மரத்தில் உறையும் அணங்குக்கு 'டிரையாஸ்' என்று பெயர். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரை இச்செடிக்குச் சூட்டினார். மரமே வளராத நிலத்தில் வாழும் செடிக்கு மரத்து அணங்கின் பெயர்!

செடியின் பெயர் காலத்துக்கு ஏறிய கதை களிமண்ணில் தொடங்குகிறது. 1870-இல் தென் சுவீடனின் ஸ்கோன் பகுதியில், பனியுக இறுதியைச் சேர்ந்த களிமண்ணில் டிரையாஸ் முதலிய துருவச் செடிகளின் இலைகளைச் சுவீடன் ஆய்வாளர் ஆல்ஃபிரட் நாத்தோர்ஸ்ட் கண்டெடுத்தார். பிறகு 1901-இல் ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்ற இருவர், கோபன்ஹேகனுக்கு வடக்கே ஆலரோட் என்ற ஊரின் செங்கற்சூளைக் களிமண் குழியை ஆராய்ந்து எழுதினார்கள். அடியில் களிமண், அதில் டிரையாஸ் இலை. அதன்மேல் பிர்ச் மரத்தின் மிச்சங்களோடு ஏரிச்சேறு. அதற்கும் மேலே மறுபடி களிமண், மறுபடி டிரையாஸ். குளிர், பிறகு மரம் வளரும் அளவுக்கு வெப்பம், பிறகு மீண்டும் குளிர் என்று ஒரே குழியின் சுவரில் படித்துவிடலாம். மேலே கிடக்கும் படிவு பிற்காலத்தது. புவியியலார் பேச்சில் அது 'இளையது'. அடைமொழியின் பொருள் அவ்வளவே. அதற்கு முந்தையதாகவும் மிக முந்தையதாகவும் வேறு இரு டிரையாஸ் குளிர்களைப் பின்னாளில் பிரித்தறிந்தார்கள்.

குழி சொன்னதைக் கிரீன்லாந்தின் பனித்தூண் உறுதிசெய்தது. அங்கே துளையிட்டு எடுத்த தூண் ஒன்றில் 1,492.45 மீட்டர் ஆழம்தான் இக்குளிரின் முடிவு, நாம் வாழும் ஹோலோசீனின் தொடக்கம் என்று 2008-இல் முறைப்படி ஏற்கப்பட்டது. முடிவு வந்த வேகம் மலைக்க வைக்கிறது: சில பத்தாண்டுகளுக்குள் கிரீன்லாந்து சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறியது.

குளிர் திரும்பி வந்ததற்குக் காரணமாகப் பலரும் சொல்வது, வட அமெரிக்கப் பனிப்பாளம் உருகித் தேங்கிய அகாசிஸ் ஏரி போன்றவற்றின் நன்னீர் கடலுக்குள் பாய்ந்ததைத்தான். நன்னீர் உப்புநீரைவிட இலேசு. அது பரவியதும் வட அட்லாண்டிக்கில் கனத்த உப்புநீர் ஆழத்துக்கு அமிழ்வது தளர்ந்து, அந்த அமிழ்வால் இழுக்கப்பட்டுத் தெற்கிலிருந்து வெப்பம் கொண்டுவரும் நீரோட்டம் நலிந்தது. அதே காலத்தில் அண்டார்க்டிகா சூடேறியது. ஆகவே இதை 'உலகமே உறைந்த காலம்' என்பது சரியல்ல. நம் பக்கத்தில் குளிரைவிட மழைக்குறைவே பேச்சு: மேகாலயாவின் மாம்லூ குகைக் கல்விழுதுகள் அப்போது பருவமழை நலிந்ததைப் பதிந்து வைத்திருக்கின்றன. வால்மீன் மோதல்தான் காரணம் என்று 2007-இல் ஒரு கருத்து வந்தது. காணொளிகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. துறையினரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

இனித் தமிழ்ப் பெயர். 'இளைய டிரையாஸ்' சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஆனால் தமிழில் 'இளைய' என்றதும் தம்பி, தங்கைதான் நினைவுக்கு வருவார்கள். 'பிந்தைய' என்றால் காலம் விளங்கும். இன்னொரு சிக்கல் நம் எழுத்திலேயே இருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய டிரையாசிக் காலத்துக்கும் 'டிரையாஸ்' என்ற பெயர் உண்டு. அது மூன்று என்னும் பொருள்கொண்ட வேறு சொல். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து T, இதன் முதலெழுத்து D. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'டி'. 'டிரையாஸ் காலம்' என்று மட்டும் எழுதினால் வாசகர் டைனோசர் இருந்த காலத்துக்குப் போய்விடுவார்.

பூவைக் கொண்டு நிலத்துக்குக் குறிஞ்சி, முல்லை என்று பெயரிட்ட மொழி இது. செடிப்பெயரை அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. கூடவே முன்பனி, பின்பனி என்ற இணையும் கையில் இருக்கிறது. பின்பனி தனியே நின்றால் மாசி, பங்குனியைக் குறிக்கும். 'டிரையாஸ் பின்பனி' என்று சேர்த்து எழுதினால் அந்த மயக்கமும் இல்லை, டிரையாசிக் மயக்கமும் இல்லை. பாடநூல் நடைக்கு 'பிந்தைய டிரையாஸ் குளிர்க்கட்டம்' பொருந்தும். 'யுகம்' மட்டும் வேண்டாம். 1,200 ஆண்டுகளுக்கு அது மிகப் பெரிய சொல்.